குண்டு பட்ட மான் எங்கே போகிறது?

ஜெர்மனியில் மானைச் சுட்ட அனுபவசாலி உடனே எழுந்து ஓட மாட்டார். இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். மான் கண்ணெதிரே விழாமல் புதருக்குள் பாய்ந்து மறைந்துவிட்டால் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். பார்க்கிறவர்களுக்கு ஈவிரக்கமில்லாத செயலாகத் தோன்றும். ஆனால் அடிபட்ட உயிரின் வேதனையைக் குறைக்க வழி இதுதான்.

இதயத்தில் குண்டு பாய்ந்த மான்கூட நின்ற இடத்திலேயே விழும் என்று சொல்ல முடியாது. ரத்த ஓட்டம் நின்றாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் சுமார் 10 விநாடி தாங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அதற்குள் 110 மீட்டர் தாண்டிவிடும். அப்புறம் விழுந்துவிடும், வேதனையும் முடிந்துவிடும்.

வயிற்றில் குண்டு வாங்கிய மானின் கதை வேறு. அதற்குச் சாவு மெதுவாகத்தான் வரும். யாரும் துரத்தாவிட்டால் பக்கத்திலேயே ஒரு மறைவில் படுத்துக்கொள்ளும். நேரம் ஆக ஆக எழுந்திருக்கவே தெம்பிருக்காது. அவசரப்பட்டுப் பின்னால் போனாலோ, பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதை மறுபடி எழுப்பிவிடும். கிலோமீட்டர் கணக்கில் ஓடி, யார் கண்ணிலும் படாத இடத்தில் கிடந்து துடிக்கும். அதனால் வயிற்றில் பட்டது என்று தெரிந்தால் மூன்று நான்கு மணி நேரமாவது அதை விட்டுவைக்கிறார்கள்.

சரி, எங்கே பட்டது என்று எப்படித் தெரியும்? மான் நின்றிருந்த இடத்தில் ஒரு கிளையை ஒடித்துப்போட்டு அடையாளம் வைத்துவிட்டு, மண்டியிட்டுப் புல்லைப் பார்ப்பார்கள். ரத்தம் வெளிர் சிவப்பாக, பொடிப்பொடியான குமிழிகளோடு இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஈரல். பச்சையும் பழுப்புமாக, அரைபட்ட தழை கலந்து புளித்த வாடை வீசினால் இரைப்பை. எலும்புச் சில்லையும் விரலால் தடவிப் பார்ப்பார்கள். தட்டையாக இருந்தால் விலா. கெட்டியாக, உடைந்த குழாய்த்துண்டு போல மஜ்ஜை ஒட்டியிருந்தால் கால். கால் முறிந்த மானைத் தேடுவதுதான் பெரும்பாடு. மூன்று காலிலேயே வெகுதூரம் போய்விடும்.

ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லையென்றால் குறி தப்பிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. குண்டு உடலின் மேற்புறமாக நுழைந்திருந்தால் ரத்தம் மார்புக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். காயத்தின் வாயைக் கொழுப்பு அடைத்துக்கொள்வதும் உண்டு. என்னைப் பொறுத்தவரை, வேட்டைக்காரரின் நேர்மைக்குச் சோதனை இங்கேதான்.

கண்ணுக்கு எட்டாததை நாயின் மூக்கு எட்டும். ஹனோவர் ஹவுண்டு, பவேரிய மலை ஹவுண்டு ஆகிய இரண்டும் இதற்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள். அவை ரத்தத்தை மட்டும் முகர்வதில்லை. மானின் குளம்புகளுக்கு இடையே ஒரு சுரப்பி இருக்கிறது. அடி வைக்கும் இடமெல்லாம் அதன் வாடை மண்ணில் படியும். குறுக்கே பத்து மான்கள் போயிருந்தாலும் நல்ல நாய் அடிபட்ட ஒன்றின் தடத்தை விடாது. ஜெர்மனியில் இந்த நாய்களுக்கு நடக்கும் ஒரு தேர்வில் 1000 மீட்டர் தடம் போடச் செலவிடுவது கால் லிட்டர் ரத்தம்தான். நான்கு மீட்டருக்கு ஒரு மில்லிலிட்டர்! அதுவும் குறைந்தது 20 மணி நேரம் பழசான தடம்.

ஸ்வீடனில் இது சட்டமாகவே இருக்கிறது. மான், காட்டுப்பன்றி போன்றவற்றை வேட்டையாடும்போது, பழக்கப்பட்ட தேடுநாய் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்து சேரும்படி ஏற்பாடு இருக்க வேண்டும்.

நாய் பின்தொடரும் தடம், மான் படுத்திருந்து அமுங்கிய புல்லில் போய் முடியும். புல்லில் இன்னும் சூடு இருந்தால் மான் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது. அப்போதுதான் நாயை வாரிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள். அது ஓடிப்போய் மானை மறித்து நின்று குரைக்கும். பின்னால் வருகிறவர் கடைசிக் குண்டில் அதன் வேதனையை முடிப்பார்.

பிறகு மானின் வாயில் ஒரு பச்சைத் தழைக்கொத்து வைப்பது ஜெர்மனியில் வழக்கம். அதற்குக் கடைசிக் கவளம் என்று பெயர். இன்னொரு கொத்தைச் சுட்டவரிடம் தருவார்கள். அதில் ஒரு துண்டை ஒடித்து நாயின் கழுத்துப்பட்டையில் செருகிவிடுவார்கள்.