சாலி போர்ட்: கோட்டையின் சுருங்கை

ஃபோர்ட் கேனிங் குன்றில் நடக்கப் போகிறவர்கள் 'சாலி போர்ட்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் போர்ட் என்றால் நமக்குத் துறைமுகம்தான். குன்றின்மேல் ஏது துறைமுகம்? இந்தப் போர்ட், வாயிலைக் குறிக்கும் 'போர்ட்டா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சாலி யாருடைய பெயரும் இல்லை. தாவுதல், குதித்தல் என்று பொருள்படும் லத்தீன் 'சாலிரே' அதன் வேர்; பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முற்றுகையில் சிக்கிய படை திடீரென வெளியே பாய்ந்து தாக்கிவிட்டு உள்ளே திரும்புவதற்கு மதிலில் மறைவாக வைத்த சிறு வழிதான் சாலி போர்ட்.

இங்கே அப்படி யாரும் பாய வேண்டியிருக்கவில்லை. 1859இல் தொடங்கி 1861இல் கட்டி முடித்த கோட்டை இது. அன்றைய இந்திய வைஸ்ராய் கேனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். முற்றுகை எதையும் பார்க்காமலே இடிபட்டு, அந்த இடத்துக்கு நீர்த்தேக்கம் வந்துவிட்டது. பெரிய வாயிலும் மதிலின் சில பகுதிகளும் இன்னும் நிற்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலருக்கும் சட்டென்று தோன்றுவது திட்டிவாசல். ஆனால் அது பெரிய கதவுக்குள்ளேயே ஆள் நுழையும் அளவுக்கு வைத்த சிறு கதவு. கோயில் வாசல்களிலும் உண்டு. மறைவழிக்கு அது பொருந்தாது.

'சுருங்கை' பொருந்தும். நிலத்தடி வழி, கோட்டையின் கள்ளவழி இரண்டுக்கும் உரிய பழஞ்சொல் அது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், யானைக் கூட்டம் போய்வரும் 'சுருங்கை வீதி'யின் பக்கமாக நடந்துதான் கோவலன் மதுரைக்குள் நுழைகிறான். அடுத்த அடிகளிலேயே மதில் வாயிலைக் காக்கும் யவனர்கள், அதாவது கிரேக்க, ரோமானியர்கள், வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: சுருங்கையின் வேர், குழல் என்று பொருள்படும் 'சிரிங்க்ஸ்' என்ற கிரேக்கச் சொல் என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் காவலும் யவனம், சொல்லும் யவனம்!

ஆகவே பெரியதைக் கோட்டை வாயில் என்போம். பேச்சில் கோட்டை வாசல். சாலி போர்ட்டுக்குச் சுருங்கை வாயில் என்பதே என் தேர்வு. சுரங்கம் என்ற உறவுச் சொல்லும் இருக்கிறதே என்று கேட்கலாம். ஆனால் இங்கே அதைச் சொன்னதும் எம்ஆர்டி ரயில்தான் கண்முன் வரும். அந்தக் குன்றின் கீழேயே ஒரு நிலையம் வேறு இருக்கிறது.