சென்டம்: பொருளும் தமிழ்ச் சொல்லும்

பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் தமிழ்நாடு முழுக்கக் கேட்கும் சொல் இது. 'மேத்ஸ்ல சென்டம்' என்றால் கணக்கில் நூற்றுக்கு நூறு. லத்தீனில் இதற்கு நூறு என்று மட்டுமே பொருள். பழைய உச்சரிப்பு 'கென்டும்'. சமஸ்கிருதத்தின் 'சதம்' இதற்கு உறவு, இரண்டுக்கும் ஒரே மூலம். முழு மதிப்பெண் என்ற பொருள் நம் பள்ளிக்கூடங்கள் ஏற்றியது.

கணக்கு சென்டத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு? பொறியியல் சேர்க்கைக்குத் தரவரிசை போடும் 'கட்-ஆஃப்' மதிப்பெண் மொத்தம் 200. அதில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. கணக்கில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபிலும் ஒன்று முழுசாகப் போகும். 99 வாங்கிய பிள்ளை அழுவது இதனால்தான்.

இன்னொரு பொருளும் உண்டு. 'எங்க ஸ்கூல் சென்டம் ரிசல்ட்' என்றால் தேர்வு எழுதிய அத்தனை பேரும் தேர்ச்சி. எனக்குக் கவலை தருவது இதுதான். ஒரே ஒரு பிள்ளை 35-க்குக் கீழே போனாலும் சென்டம் போய்விடும். அதனால் அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு, ஓயாத ஸ்லிப் டெஸ்ட். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். அவரையும் குறை சொல்ல முடியாது. தேர்ச்சி குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். இதைவிடக் கொடுமை, 'மெல்லக் கற்கும் மாணவர்' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குச் சில தனியார் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரசும் சில மாற்றங்களைச் செய்து பார்த்தது. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தினார்கள். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் பழக்கத்தை முறிக்க, 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் அதையும் கைவிட்டார்கள். பள்ளி வாசல் பேனரில் சென்டம் எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? மாணவருக்கு 'நூற்றுக்கு நூறு' அல்லது 'முழு மதிப்பெண்'. பள்ளிக்கு 'முழுத் தேர்ச்சி'. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டாம். முழுத் தேர்ச்சி என்று பேனர் வைக்கும் பள்ளி, முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்பதையும் அதே பேனரில் அச்சடிக்க வேண்டும்.