கயிற்றின் மறுமுனையில் யாரும் இல்லை

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி ஒரு படம் அனுப்பியிருந்தார். முதல் உலகப் போர்க்காலத்துப் பென்சில் ஓவியம். வீரர்கள் ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றைக் கடக்கிறார்கள். ஆளுக்கு ஆள் பெரிய இடைவெளி, ஒவ்வொருவர் இடுப்பிலிருந்தும் நீளமாக ஒரு கயிறு பின்னால் இழுபடுகிறது, ஆனால் அதன் மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை. "எதிரி சுடுவான் என்றா இவ்வளவு தள்ளி நடக்கிறார்கள்? அந்தக் கயிறு எதற்கு?"

சுடுவான் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அந்த மலைகளில் குண்டுக்கு இணையாகப் பனிச்சரிவுக்கும் பயந்தார்கள். 1916 டிசம்பர் 13 அன்று மர்மொலாடா மலையில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைமுகாம்மேல் சரிந்த பனி சுமார் 270 பேரைக் கொன்றது.

நமக்குப் பழக்கம் மண்சரிவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு ஏற்காடு மலைப்பாதையில் நடந்ததே, அது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி எடையைக் கூட்டும், துகள்களுக்கு இடையே அழுத்தத்தை ஏற்றிப் பிடிப்பைக் குறைக்கும், பிறகு சரியும். பனியில் ஆள் விழுங்கும் சரிவுகள் பலவற்றுக்குத் தண்ணீரே வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மலைமேல் ஒரு மீட்டர் பனி கிடக்கிறது என்று வையுங்கள். மேலே காற்று மைனஸ் 20 டிகிரி, அடியில் தரையோ பூமியின் சூட்டில் கிட்டத்தட்ட 0 டிகிரி. அடிப்பனி வெதுவெதுப்பு, மேல்பனி கடுங்குளிர். வெதுவெதுப்பான பக்கம் நீராவி அழுத்தம் கூடுதல் என்பதால், பனி உருகாமலேயே ஆவியாகி, துகள்களின் இடுக்கு வழியாக மேலேறி, சற்றுக் குளிர்ந்த அடுத்த துகளின் அடிப்பக்கத்தில் மறுபடி படிகிறது. அது திரும்ப ஆவியாகும், இன்னும் மேலே போய்ப் படியும். இப்படியே சில வாரங்கள் போனால், ஒன்றோடொன்று ஒட்டியிருந்த பழைய துகள்கள் காணாமல் போய், அந்த இடத்தில் பட்டை தீட்டிய, கிண்ண வடிவப் படிகங்கள் மில்லிமீட்டர் கணக்கில் வளர்ந்து நிற்கும். பார்க்க அழகு, பக்கத்துப் படிகத்தோடு ஒட்டவே ஒட்டாது. தட்டில் அஸ்காவை (சர்க்கரையை) பரப்பி அதன்மேல் பலகை வைத்த மாதிரி, இந்த அடுக்கின்மேல் காற்று அடித்துக் கெட்டியாக்கிய புதுப்பனி வந்து உட்காரும். இதில் ஒரு வேடிக்கை: பனி குறைவாக விழுந்த குளிர்காலம்தான் இதற்கு ஏற்றது. அதே 20 டிகிரி வித்தியாசம் அரை மீட்டருக்குள் அடங்கினால் ஆவி இன்னும் வேகமாக நகரும்.

அப்புறம் ஒருவர் அதன்மேல் கால் வைக்கிறார். அடியில் இருக்கும் அடுக்கு நொறுங்கி மேல்பனி சில மில்லிமீட்டர் இறங்கும், 'வும்ப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த நொறுங்கல் அவர் காலடியோடு நிற்பதில்லை, நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடும். சரிவு 30 டிகிரிக்கு மேல் இருந்தால் மொத்தப் பலகையும் பாளம் பாளமாக வழுக்கிக் கிளம்பிவிடும்.

சத்தம் போட்டால் சரியும் என்று சினிமா பார்த்து நம்புகிறவர்கள் உண்டு. கத்துவதால் வரும் அழுத்தம் ஓரிரு பாஸ்கல்தான், இதற்குச் சில நூறு பாஸ்கல் வேண்டும். மலையடிவாரத்தில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது போலத்தான் இதுவும். பழம் வைக்கட்டும், ஆனால் மலைப்பாதையோர வாய்க்காலைத் தூர்வார அந்த அக்கறையில் பாதியாவது காட்டலாம். பனியில் குழி தோண்டி, அடுக்கடுக்காக வெப்பமானி செருகிப் பனிச்சரிவை ஆராய்வதற்கென்றே 1969இல் நம் பாதுகாப்புத் துறை மணாலியில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியது. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் இந்த வேலைக்குக் கிடைக்காது. என்னைக் கேட்டால், காசை இதற்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். தள்ளித் தள்ளி நடந்தால் பலர் எடை ஒரே இடத்தில் இறங்காது. அதைவிட முக்கியம், ஒருவர் புதைந்தால் தோண்ட மற்றவர்கள் மிச்சம் இருப்பார்கள். 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிடமானால் மூன்று பேர்தான். தேடி அலைய நேரமே கிடையாது, அதற்குத்தான் அந்தக் கயிறு. எடை குறைந்த சிவப்புக் கயிறு, ஆள் புதைந்தாலும் அதில் ஒரு துண்டாவது மேலே தெரியும் என்ற நம்பிக்கை. அதைப் பிடித்துக்கொண்டே போய்த் தோண்டலாம். இன்று மலையேறுபவர்கள் 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவியை நெஞ்சோடு கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் சமிக்ஞை காட்டிய இடத்தில் தோண்டுவது இன்றும் மண்வெட்டியால்தான்.