மலை வீட்டுச் சுவர் ஏன் வியர்க்கிறது?

ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் படுக்கையறை மூலை கறுத்துப் பூஞ்சை பிடித்தால் முதல் பழி கூரைமேல்தான் விழும். பல நேரம் கூரையில் ஒரு கோளாறும் இருக்காது. தண்ணீர் அறைக்குள்ளிருந்தே வருகிறது.

20 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டருக்கு அதிகபட்சம் 17 கிராம் நீராவி தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், சுமார் 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த சுவரில் நீர் படியும். வெயில் படாத வடக்குச் சுவர், அதை ஒட்டிய பீரோவின் பின்புறம், இரவில் வானத்துக்கு வெப்பத்தை இழக்கும் தகரக் கூரை ஆகியவைதான் முதலில் நனையும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். குளிருக்குக் கேஸ் ஹீட்டர் வைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. (மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது உயிருக்கே ஆபத்து.)

ஒழுகலா, வியர்வையா? ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் சுவரில் விடுங்கள். அறைப் பக்கம் ஈரமானால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் ஈரமானால் கல்லுக்குள்ளிருந்து வருகிறது. பழைய சுண்ணாம்புச் சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தால் அந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பெயின்டைக் கொப்புளமாக உப்பவைக்கும். சுரண்டிவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணலில் பூசுவதே மேல்.

மூடுபனி உள்ளே வருமென்று ஜன்னலைச் சாத்துகிறார்கள். கணக்கு நேர்மாறு. 10 டிகிரி மூடுபனிக் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால், ஈரப்பதம் 55 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். கூடவே வரும் நுண்துளிகள் கொஞ்சம் கூட்டினாலும் லாபம்தான். அறையும் வெளியும் ஒரே குளிரில் இருந்தால் மட்டும் இந்தப் பலன் கிடையாது.

சென்னையில் ஏசி அறைக்கு ஈரம் வெளியிலிருந்து வருவதால், இன்சுலேஷனின் ஆவித்தடுப்புத் தாள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். மலையில் சூடாக்கும் அறைக்கு அது உட்பக்கம் வர வேண்டும். சமவெளிப் பழக்கத்தில் மாற்றி ஒட்டினால் இன்சுலேஷனே ஊறிப்போகும்.

ஈரம் உறிஞ்சும் கருவி வாங்குவோர் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் நீர் எடுக்கும் என்று பெட்டியில் உள்ள கணக்கை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. காற்றைக் குளிர்வித்து நீரைப் பிரிக்கும் கம்ப்ரசர் வகையில் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ச் சுருளில் பனிக்கட்டி பிடித்து வேலை குறையும். மலைக்கு, மின்செலவு கூடினாலும், உறிஞ்சுபொருளால் ஈரத்தை எடுக்கும் டெசிகண்ட் வகையே பொருந்தும்.