‘புரொடெக்ட்’ விளக்கு எரிகிறதா? ரிலேயில் கை வைக்காதீர்கள்

தைப்பூசம் நெருங்கும்போது கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஸ்பீக்கர்களை ஓட்டும் பவர் ஆம்ப்கள் வரிசையாக வந்து இறங்கும். தண்ணீர்ப் பந்தல் குழுக்கள், உறுமி மேளக் குழுக்கள், கல்யாண மண்டபத்துக்கு சவுண்ட் போடும் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் அப்போதுதான் அவசரம். மூடியைக் கழற்றியதும் நான் முதலில் பார்ப்பது ஸ்பீக்கர் ரிலேயை, அதாவது ஆம்ப்போடு ஸ்பீக்கரை இணைக்கவும் பிரிக்கவும் செய்யும் மின்காந்த சுவிட்சை. போர்டைத் திருப்பி, ரிலேயின் கால்கள் இருக்கும் இடத்தில் ஒரு துண்டு வயரை யாராவது சோல்டர் செய்து வைத்திருக்கிறார்களா என்று தேடுவேன். இருந்தால் அடுத்த கேள்வி, “தம்பி, ஸ்பீக்கர் எத்தனை எரிஞ்சுது?” கேட்டதும், “எப்படிண்ணே தெரியும்?” என்பார்கள்.

நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பந்தலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் நின்றுவிடும், முகப்பில் ‘புரொடெக்ட்’ என்ற சிவப்பு விளக்கு எரியும். ஓரளவு விஷயம் தெரிந்த ஒருவர் உள்ளே பார்த்து, ரிலே ‘டக்’ என்று விழுந்து ஸ்பீக்கரை இணைக்கவில்லை என்பதைக் கண்டுபிடிப்பார். அவர் கண்டது சரி. ஆனால் ரிலே ஏன் விழவில்லை என்று கேட்காமல் அதற்குக் குறுக்கே வயரைப் போட்டுவிடுவார். சில நேரம் சத்தமும் வந்துவிடும், பழுது தீர்ந்தது என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். அந்த வயர் எதை நீக்கிவிட்டது என்பது புரிய, ஆம்ப்பின் கடைசிக் கட்டம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு ஓமில் 200 வாட் சொச்சம் தரும் ஒரு சாதாரண ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், பெரிய கேப்பாசிட்டர்கள் எல்லாம் சேர்ந்து கிரவுண்டுக்கு மேலே பிளஸ் 50 வோல்ட்டும் கீழே மைனஸ் 50 வோல்ட்டும் தருகின்றன. இவற்றை ரெயில் என்போம். மேல் ரெயிலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே என்பிஎன் வகை டிரான்சிஸ்டர்கள் நிற்கும், கீழ் ரெயிலுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பிஎன்பி வகை. நான் அதிகம் மாற்றுவது 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியைத்தான். ஒலி அலையின் மேல் பாதியை ஒரு பக்கம் தள்ளுகிறது, கீழ்ப் பாதியை இன்னொரு பக்கம் இழுக்கிறது.

அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. டிரான்சிஸ்டர் திறந்து கரண்டை விட சுமார் 0.6 வோல்ட் வேண்டும். இரண்டு பக்கமும் மூடியிருக்கும் அந்தக் கணத்தில் அலை உடைந்து, மெல்லிய பாட்டெல்லாம் கரகரக்கும். அதனால் பாட்டு இல்லாதபோதும் இரண்டு பக்கத்திலும் சிறிதளவு கரண்ட் ஓடும்படி வைத்திருப்பார்கள். இதுதான் பயஸ். டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் இருக்கும் 0.22 ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 11 மில்லிவோல்ட் காட்டினால், அதில் 50 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம்.

டிரான்சிஸ்டர் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் அது திறக்கத் தேவையான வோல்ட்டேஜ் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். பயஸ் அப்படியே இருந்தால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் சூடு கூடும், அந்தச் சூடு மறுபடி கரண்டைக் கூட்டும். இதை அடக்கத்தான் ஒரு சின்ன டிரான்சிஸ்டரை, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கோடு ஒட்டவைத்திருப்பார்கள். சூட்டை அது உணர்ந்து பயஸைக் குறைக்கும். எங்கோ ரிப்பேர் ஆகி வந்த ஆம்ப்களில் இந்தச் சின்ன டிரான்சிஸ்டர் ஹீட்சிங்க்கைத் தொடாமல் காற்றில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். பட்டறையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பந்தலில் மதிய வெயிலில் மூன்றாவது மணி நேரத்தில்தான் அந்த ஆம்ப் போகும்.

சூடு பற்றி இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. இவ்வகை ஆம்ப் மிக அதிகமாகச் சூடாவது முழுச் சத்தத்தில் அல்ல. வெளியே போகும் அலையின் உச்சம் ரெயிலில் 64 சதவீதத்தைத் தொடும்போதுதான் டிரான்சிஸ்டர்களில் மிக அதிகமான வாட் வீணாகிறது. 50 வோல்ட் ரெயிலுக்கு அந்தக் கணக்கு இப்படி வரும்: 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ஒரு சேனலுக்கு 63 வாட், 4 ஓம் என்றால் 127 வாட், 2 ஓம் என்றால் 253 வாட். இது இடைவிடாத ஒற்றை ஒலிக்கான கணக்கு. பாட்டில் இதைவிடக் குறையும் என்றாலும், பேஸைத் தூக்கிவைத்த ரீமிக்ஸ்கள் இதை நெருங்கிவிடும்.

இப்போது பந்தலுக்கு வாருங்கள். “இன்னும் ரெண்டு பாக்ஸ் இருக்குண்ணே, சேர்த்து மாட்டிடலாமா?” என்று கேட்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கர் பாக்ஸ் நான்கை ஒரே சேனலில் இணையாக மாட்டினால் 2 ஓம் ஆகிவிடுகிறது. மேல் பக்கம் இரண்டு, கீழ்ப் பக்கம் இரண்டு என்று நான்கு டிரான்சிஸ்டர் இருக்கும் ஆம்ப்பில் ஒவ்வொன்றும் 63 வாட் சூட்டைச் சுமக்க வேண்டும். டேட்டாஷீட்டில் ஒவ்வொன்றுக்கும் 150 வாட் என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அது டிரான்சிஸ்டரின் உறை 25 டிகிரியில் இருந்தால் மட்டும். உறை 75 டிகிரியானால் தாங்குவது 90 வாட், 100 டிகிரியானால் 60 வாட்தான். பத்துமலை வெயிலில், ஃபேனுக்கு முன்னால் பேனர் துணி தொங்க, தூசி அடைத்த ஹீட்சிங்க்கோடு ஓடும் ஆம்ப்பில் அந்த 100 டிகிரி தூரத்தில் இல்லை.

இதோடு முடிந்துவிடவில்லை. ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டர் அல்ல. அதில் வோல்ட்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. அதனால் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே அதிக வோல்ட்டேஜ் நிற்கும்போதே அதிக கரண்டும் ஓடும் கணங்கள் வரும். அப்படி வரும்போது சிலிக்கானின் ஒரே ஒரு புள்ளியில் சூடு குவிந்து, மொத்த வாட் எல்லைக்குள் இருந்தாலும் அந்த இடம் உருகிவிடும். அதைத் தடுக்க எமிட்டர் ரெசிஸ்டரில் கரண்டையும் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே வோல்ட்டேஜையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரு சுற்று உண்டு. எல்லை தாண்டினால் அது டிரான்சிஸ்டரைத் திறக்கப் போகும் கரண்டை, அதாவது டிரைவைப் பறித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பாட்டில் படபடவென்று ஒரு வெடிப்புச் சத்தம் கேட்கும். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து கோனை மாற்றக் கொண்டுவருவார்கள், கோனில் ஒன்றும் இருக்காது. பாக்ஸ்களைக் குறைத்தால் சத்தம் சுத்தமாகிவிடும்.

இத்தனையும் மீறி டிரான்சிஸ்டர் போனால் அது பெரும்பாலும் உள்ளே ஒட்டிக்கொண்டு சார்ட்டாகத்தான் போகும், உள்ளே அறுந்து போவது குறைவு. ரெயிலின் 50 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்கு வரும். 8 ஓம் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலை (கோனை அசைக்கும் கம்பிச் சுருளை) மீட்டரில் அளந்தால் 6 ஓம்தான் காட்டும். ஆக 8 ஆம்பியருக்கு மேல் ஓடும், 400 வாட் முழுக்கவும் சூடு. கோன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அசையாமல் நிற்பதால் காயிலுக்குக் காற்றும் கிடைக்காது. கொஞ்ச நேரத்திலேயே வார்னிஷ் கருகும் வாசனை வரும், சில பாக்ஸ்களில் உள்ளே இருக்கும் பஞ்சும் பற்றிக்கொள்ளும்.

ஃபியூஸ் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். ரெயிலில் 8 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 8 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் ஃபியூஸ். 8.3 ஆம்பியரில் அது அசையாது. ஃபியூஸ் ஆம்ப்பும் வயரும் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஸ்பீக்கரை அதனால் காக்க முடியாது. அதையும் 20 ஆம்பியருக்கு மாற்றிவைத்தால் ஆம்ப்பைக் காக்கவும் எதுவும் மிஞ்சாது.

ஸ்பீக்கரைக் காப்பது ரிலேதான். வெளியேறும் சிக்னலை ஒரு பெரிய ரெசிஸ்டரும் கேப்பாசிட்டரும் வடிகட்டுகின்றன. பாட்டு மேலும் கீழும் ஆடுவதால் அதன் சராசரி பூஜ்யம், ரெயிலின் 50 வோல்ட் போல ஒரே பக்கமாக நிற்கும் டிசி வந்தால் அது அப்படியே தேங்கும். ஓரிரு வோல்ட் தேங்கினாலே ரிலேயின் பிடி விட்டுவிடும். இதற்கென்றே என்இசி நிறுவனம் செய்த யுபிசி1237 என்ற எட்டுக் கால் ஐசி ஒன்று உண்டு, பல பிராண்டுகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஆன் செய்ததும் சில வினாடி காத்திருந்து ரிலேயைப் போடுவதும், டிசியைக் கவனிப்பதும், மின்சாரம் போன உடனே ரிலேயை விடுவிப்பதும் அந்த ஒரே ஐசியின் வேலை.

ரிலேயிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண ரிலேயின் மேல் 250 வோல்ட் ஏசி என்றும், அதற்குக் கீழே 30 வோல்ட் டிசி என்றும் எழுதியிருக்கும். ஏசியில் ஒவ்வொரு சுழற்சியிலும் கரண்ட் பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைந்துவிடும். டிசியில் அப்படி அணையாது. 50, 70 வோல்ட் டிசியைப் பிரிக்கும்போது காண்டாக்ட் விலகிய பிறகும் நடுவே நீல நெருப்பு நின்று எரியும், சில நேரம் காண்டாக்ட் ஒட்டியும் போகும். நல்ல வடிவமைப்பில் ரிலேயின் நடுக்காலை ஸ்பீக்கருக்கும், ஓய்வில் தொடும் காலை கிரவுண்டுக்கும் கொடுத்திருப்பார்கள். அப்போது அந்த நெருப்பு ஸ்பீக்கர் வழியாகப் போகாமல் கிரவுண்டுக்கு இறங்கி ஃபியூஸை எரித்துவிடும். ரிலே மாற்றும்போது காயில் வோல்ட்டேஜை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். காண்டாக்டையும் கால்களின் இணைப்பையும் பழையதோடு ஒப்பிடுங்கள். காண்டாக்ட் கறுத்து ஒரு பக்கம் சத்தம் மங்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். புதிய ரிலேயின் விலை ஒரு ஸ்பீக்கரின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்யலாம்? ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கர் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்து ரிலே விழுந்தால் கோளாறு பெரும்பாலும் வெளியேதான். கேபிளை ஒவ்வொன்றாக மீட்டரில் பாருங்கள், பிளக்கின் உள்ளே ஒரு இழை வயர் அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருப்பதே போதும். கேபிள் இல்லாமலும் விளக்கு எரிந்தால், சூட்டினாலா என்று பார்க்க அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஆறிய பிறகு சரியானால் ஃபேனையும் தூசியையும் பாக்ஸ்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். ஆறியும் எரிந்தால் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஆன், ஆஃப் என்று திரும்பத் திரும்ப முயன்றால் மிச்சமிருக்கும் நல்ல டிரான்சிஸ்டர்களும், அவற்றைத் திறக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களும் போகும். மூடியைத் திறக்கவும் வேண்டாம். அணைத்த பிறகும் இரண்டு ரெயிலுக்கும் நடுவே 100 வோல்ட் கேப்பாசிட்டரில் தங்கியிருக்கலாம்.

பட்டறையில் அப்படிப்பட்ட ஆம்ப்பை நாங்கள் நேராக 240 வோல்ட்டில் போடுவதில்லை. நடுவே 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் வைப்போம். நல்ல ஆம்ப் என்றால் கேப்பாசிட்டர் நிறையும்வரை பல்பு பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். சார்ட் இருந்தால் எரிந்துகொண்டே நிற்கும், ஆம்ப்புக்கு மேலும் சேதம் வராது. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது, போன டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றாமல் அந்தச் சேனலின் முழு செட்டையும் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் மாற்றச் சொல்லுங்கள். போலி டிரான்சிஸ்டர்களும் சந்தையில் நிறைய இருக்கின்றன. மீட்டரில் அசலும் போலியும் ஒரே மாதிரிதான் காட்டும். சந்தேகம் வந்தால் வாங்கியதில் ஒன்றைக் குறடால் உடைத்துப் பார்ப்பேன். அசலில் சிலிக்கான் துண்டு பெரிய சதுரமாக இருக்கும், போலியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். கோலாலம்பூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ஜாலான் பாசாரில் வாங்குகிறவர்கள் விலை பாதியாக இருந்தால் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்போது வரும் எடை குறைந்த கிளாஸ் டி ஆம்ப்களில் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள் வினாடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. சூடு மிகக் குறைவு, பாதுகாப்பில் பெரும்பகுதி ஐசிக்குள்ளேயே இருக்கிறது. மாஸ்ஃபெட் சார்ட்டானால் ஸ்பீக்கருக்கு டிசி வரும் அபாயம் அதிலும் அதேதான்.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே பயம் தருவது எர்த் பின். ‘ம்ம்’ என்று ஹம் கேட்கிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் வயரைக் கழற்றிவிட்டு வருகிறார்கள். ஹம் நின்றுவிடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போனாலோ மழைநீர் உள்ளே இறங்கினாலோ ஆம்ப்பின் இரும்புப் பெட்டி 240 வோல்ட்டுக்கு வரும். அங்கிருந்து கேபிளின் ஷீல்டு வழியாக மிக்ஸருக்கும், மிக்ஸரிலிருந்து மைக்குக்கும் அது போய்ச்சேரும். அந்த மைக்கைப் பிடித்திருப்பவர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பாடுகிற பக்தர். ஹம்முக்கு வழி இருக்கிறது. மிக்ஸருக்கும் ஆம்ப்புக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள், அதற்கும் அடங்கவில்லையென்றால் சிக்னல் கேபிளுக்கு நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் வயரைத் தொடாதீர்கள்.

ஜெனரேட்டரில் ஓடும் பந்தல்களுக்கு, மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிடி ஒன்று கட்டாயம் வேண்டும். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்காது, அந்த நிலையில் ஆர்சிடி இருந்தும் பயனில்லாமல் போகலாம். இதில் டெஸ்ட் பட்டனை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரல் எர்த்தோடு சேராவிட்டாலும் பட்டனை அழுத்தினால் ஆர்சிடி மின்சாரத்தைத் துண்டிக்கத்தான் செய்யும். அதனால் லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் அந்த இணைப்பைப் பார்த்து, மீட்டர் வைத்து ஆர்சிடியைச் சோதித்த பிறகே ஆம்ப்பின் பிளக்கைச் செருகுங்கள்.