புழுவுக்கு வைத்த குறி

"ரத்த ரிப்போர்ட்டில் ஈசினோபில் 8 சதவீதம். இது இதயத்தைக்கூடத் தாக்குமாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஈசினோபில் என்பது ரத்த வெள்ளணுக்களில் ஒரு வகை. சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். மொத்த வெள்ளணுக்கள் 7,000 என்றால் உங்கள் கணக்கு 560. ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 வரை சாதாரணம். குடல் புழு, அலர்ஜி, ஆஸ்துமா இருந்தால் கொஞ்சம் ஏறுவது சகஜம்தான். இதற்காக 'ரத்தசுத்தி' லேகியத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். எண்ணிக்கை 1,500ஐத் தாண்டி, அங்கேயே நின்று, உறுப்புகளையும் கெடுத்தால்தான் 'ஹைப்பர்ஈசினோபிலிக் சிண்ட்ரோம்' என்ற அரிய நோயைச் சந்தேகிப்பார்கள். அது இதயத்தில் செய்யும் சேதத்தை 1936இல் விவரித்தவர் லோஃப்லர் என்ற சுவிஸ் மருத்துவர்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஈயோசின் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஈசினோபிலின் வயிறு முழுக்க ஆரஞ்சு மணிகள். ஒவ்வொன்றிலும் புழுவைத் துளைக்கிற புரதங்கள். அவற்றுக்கு நேர்மின்னூட்டம், செல்களின் மேற்பரப்புக்கோ எதிர்மின்னூட்டம். சும்மா இருக்குமா? போய் ஒட்டிக்கொள்ளும். புழு இல்லாத நேரத்தில் இந்த மணிகள் உடைந்தால், அடி விழுவது இதயத்தின் உள்சுவருக்கு.

அதோடு போவதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் த்ரோம்போமாடுலின் என்றொரு புரதம் உண்டு. ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினையே பிடித்து, உறைதலைத் தடுக்கும் வேலைக்குத் திருப்பிவிடுகிற கில்லாடி அது. ஈசினோபிலின் மணிப்புரதம் ஒன்று இந்தக் கில்லாடியின் மேலேயே ஒட்டி, கையைக் கட்டிப்போடுகிறது. ஏற்கெனவே புண்பட்ட சுவர், அதில் காவலும் இல்லை. ரத்தம் அங்கே கட்டிதட்டுகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

அப்புறம் புண் தழும்பாகும். தழும்பேறிய இதயம் விரியாது. மூச்சு வாங்கும், கால் வீங்கும். அந்தத் தழும்பை மருந்தால் கரைக்க முடியாது. அதனால் இந்த நோய் என்று சந்தேகம் வந்தால், எக்கோ என்கிற இதய ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

சிலருக்கு மூலகாரணம், 4ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விழுந்துபோய் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது. 2003இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தப்புற்றுக்கு வந்த இமாடினிப் மாத்திரை இவர்களுக்கு அற்புதமாக வேலை செய்கிறது. பலருக்குத் தினம் 100 மில்லிகிராமே போதும். அரிய நோய் ஆராய்ச்சிக்கு எதற்குப் பணம் என்பவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான்.

ஆனால் இதயம் பாதிக்கப்பட்டவருக்கு முதல் சில நாட்கள் ஸ்டீராய்டும் சேர்த்தே தருவார்கள். மாத்திரையால் கூட்டமாகச் சாகும் ஈசினோபில்கள், மணிகளை அங்கேயே கொட்டிவிட்டுப் போய்விடலாம் அல்லவா!