‘காற்றுப்பூட்டு’ அன்று, ‘நீரடைப்பு’

வினாகிரி தயாரிப்புக்கும் வீட்டில் பியர், வைன் நொதிக்கவைப்பதற்குமெனத் தமிழில் வரும் கையேடுகளில் ‘எயர் லொக்’ எனப்படும் சிறு கருவியைக் ‘காற்றுப்பூட்டு’ என எழுதுவது வழக்கமாகிவிட்டது. அண்மையில் கிளிநொச்சியில் என் கைக்கு வந்த பயிற்சித் தாளொன்றிலும் அதே சொல். அதன் கீழே ‘கலனைக் காற்றுப்பூட்டால் இறுகப் பூட்டவும்’ என்றொரு வரி. இந்த வரியை நம்பி நடப்பவரின் கலன் என்னாகும் என்பதை எழுதியவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கலனின் மூடியில் துளையிட்டு, இறப்பர் வளையம் பொருத்தி, அதில் செருகும் பிளாத்திக்குக் குழாய்தான் இக்கருவி. இருமுறை வளைந்த ஒற்றைக் குழாயாக ஒருவகை. கிண்ணம், கவிழ்த்த குல்லா, மேல்மூடி என மூன்று துண்டாகக் கழற்றிக் கழுவக்கூடியது மற்றொரு வகை. கழுவ எளிதென்பதால் புதிதாக வாங்குவோருக்கு இரண்டாவதே நல்லது. இரண்டிலும் குறித்த கோடுவரை நீர் நிற்கும். மதுவம் சீனியை நொதிக்கச் செய்யும்போது பிறக்கும் காபனீரொட்சைட்டு அந்த நீரினூடே குமிழியிட்டு வெளியேறும். வெளியிலுள்ள வளி உள்ளே வராது.

ஆங்கிலத்தில் ‘லொக்’ என்பது முதலில் தாழ். பின்னர் கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் இருகதவுத் தொட்டி. நீர் ஊறும் நிலத்தைத் தோண்டும்போது நீர் புகாதபடி அழுத்திய வளியை நிரப்பும் முறைக்கு 1830இல் தோமஸ் கொக்கிறேன் காப்புரிமை பெற்றார்; அதில் தொழிலாளர் புகுந்து வெளிவரும் இருகதவு அறையும் அவ்வகையினது. அங்கே கதவு உண்டு. நொதிகலனின் குழாயில் கதவும் இல்லை, தாழும் இல்லை.

தமிழில் ‘பூட்டு’ என்பதன் வேர் ‘பூண்’. ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாடு பூட்டுகிறோம், கதவைப் பூட்டுகிறோம். எங்கும் இறுக்கிப் பிணைப்பதே பொருள், அவிழ்க்கும்வரை எதுவும் அசையாது. இக்கருவியோ ஓயாமல் வெளிவிடுவதற்காகவே இருப்பது. ஒரு கிலோ சீனி முழுதாக நொதித்தால் 250 லீற்றருக்கும் மேற்பட்ட வாயு பிறக்கும்; இருபது லீற்றர் கலனைப் பூட்டிவைத்தால் மூடி உப்பும், பிறகு வெடிக்கும். குளத்துக்கு மிகைநீர் வழியும் வான் எப்படியோ, நொதிகலனுக்கு இக்குழாய் அப்படி. வானைப் பூட்டு என்று அழைக்க வன்னியில் எவருக்கும் மனம் வராது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இங்குள்ள தோட்டக்காரருக்கு ‘எயர் லொக்’ என்றால், நீரிறைக்கும் மெசினின் உறிஞ்சுகுழாயில் வளி புகுந்து நீர் ஏறாமல் நிற்கும் கோளாறு. ‘காத்துப் பிடிச்சிட்டுது’ என்பார்கள். ‘காற்றுப்பூட்டு’ எங்கேனும் பொருந்துமானால் அந்தக் கோளாறுக்கே பொருந்தும். கோளாறுக்கும் காப்புக்கும் ஒரே பெயரைச் சூட்டுவது மொழிபெயர்ப்பாகாது.

காற்று என்பது வீசுவது, வளி என்பதே சரி எனக் கூறி, ‘வளிப்பூட்டு’ எனத் திருத்தி அமைதி கொள்வோரும் இருக்கிறார்கள். அவர்கள் திருத்தியது பிழையில்லாத பாதியை. பிழை ‘பூட்டு’ என்ற பாதியில் இருக்கிறது. தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் கருவியைக் கையிலெடுத்துப் பாராமல், ஆங்கிலச் சொல்லைப் பிளந்து ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் ஈடு தேடும் பழக்கம் தூய்மை தராது. ஜேர்மானியர் இதற்கு ‘நொதித்தற் சிறுகுழாய்’ எனப் பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். பொருளைப் பார்த்து வைத்த பெயர் அது.

நமக்குப் புதுச்சொல்லும் தேவையில்லை. ‘நீரடைப்பு மலசலகூடம்’ என்று ஏற்கெனவே சொல்கிறோம்; வளைவில் நிற்கும் நீர் நாற்றத்தைத் தடுப்பதும் இங்கே நீர் வளியைத் தடுப்பதும் ஒரே வேலை. ஆகவே ‘நீரடைப்பு’. நீர் அடைபட்டதாகப் பொருள்படாதா எனக் கேட்பவர், முள்வேலி என்பது முள்ளாலான வேலி என்பதை நினைக்கட்டும். நீராலான அடைப்பு நீரடைப்பு.

பெயர் தெளிந்தால் கோளாறும் பிடிபடும். குமிழி வரவில்லையெனில் நொதித்தல் நின்றதென்று முடிவுகட்டிவிடக் கூடாது; மூடியை மெல்ல அழுத்திப் பிடிக்க, குழாயில் ஏறிய நீர் நில்லாது இறங்கினால் இறப்பர் வளையத்திலோ மூடியிலோ கசிவு. கோடையில் நீர் வற்றி அடைப்பே இல்லாது போகும். பார்த்து ஊற்ற வேண்டும். நுரை பொங்கிக் குழாயை அடைத்தால், அதைக் கழற்றி, பருத்த குழாயொன்றின் நுனியை நீர்ப் பாத்திரத்தில் அமிழ்த்திவிடலாம்.

வினாகிரி போடுவோர் கவனிக்க வேண்டியது மேலும் ஒன்று. முதற்கட்டத்தில் அற்ககோல் உண்டாகும்வரையே நீரடைப்பு வேண்டும். அற்ககோலை அமிலமாக்கும் பற்றீரியாவுக்கு ஒட்சிசன் தேவை. அந்தத் தாளில் ‘பின்னர் பூட்டைத் திறக்கவும்’ என்று மட்டும் இருந்தது. ‘நீரடைப்பைக் கழற்றி, வாயகன்ற பாத்திரத்துக்கு மாற்றி, மெல்லிய துணியால் வாயைக் கட்டவும்’ என்று எழுதியிருக்க வேண்டும்.